எந்தக் காலில் காயம்?
நீண்ட நாவலுக்குச் செயற்கை நுண்ணறிவு எழுதிய பேரேடு

டாக்டர் வாட்சனுக்கு உடம்பில் எங்கே குண்டு பாய்ந்தது? ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைப் படித்தவர்களிடம் கேட்டால் இரண்டு பதில்கள் வரும். 1887ல் வெளிவந்த முதல் நாவலில், ஆப்கானிஸ்தான் போரில் அவருக்குத் தோளில் காயம் ஏற்படுகிறது. 1890ல் வந்த இரண்டாம் நாவலில் அவருக்கு வலிப்பது கால். எழுதிய ஆர்தர் கோனன் டாயில் கடைசிவரை இதற்கு விளக்கம் தரவில்லை. வாசகர்கள்தாம் நூறாண்டுக்கும் மேலாக ஆளுக்கொரு விளக்கம் சொல்லி வருகிறார்கள்.

ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸ் 1605ல் வெளியிட்ட ‘டான் குயிக்சோட்’ நாவலின் முதல் பாகத்தில், சாஞ்சோ பான்சாவின் கழுதை காணாமல் போகிறது. எப்படித் திரும்பி வந்தது என்ற தகவலே இல்லாமல், கொஞ்ச நேரத்தில் அதே கழுதைமீது அவன் உட்கார்ந்திருக்கிறான். நம் தலைமுறைக்குப் பழக்கமான ஹாரி பாட்டர் வரிசையிலும் இப்படி ஒன்று உண்டு. 2000ல் வந்த நான்காம் புத்தகத்தில், மந்திரக்கோலிலிருந்து இறந்தவர்களின் நிழலுருவங்கள் கடைசியில் இறந்தவரிலிருந்து பின்னோக்கி வரிசையாக வெளிவர வேண்டும். முதல் பதிப்பில் ஹாரியின் பெற்றோர் வரும் வரிசை மாறிவிட்டது. பிந்தைய பதிப்புகளில் அதைத் திருத்தினார்கள்.

இவர்கள் யாரும் கவனக்குறைவான எழுத்தாளர்கள் அல்லர். நீண்ட நாவல் ஒன்றை எழுதி முடிக்கப் பல ஆண்டுகள் ஆகின்றன. மூன்றாம் அத்தியாயத்தில் ஒருவருக்குக் கொடுத்த மச்சத்தை முப்பதாம் அத்தியாயம்வரை மனத்தில் வைத்திருப்பது யாருக்கும் எளிதன்று. அதனால்தான் பதிப்பகங்களில் மெய்ப்புப் பார்ப்பவர்கள் பாத்திரங்களின் பெயர், வயது, ஊர் ஆகியவற்றைத் தனித்தாளில் குறித்துக்கொண்டே படிக்கிறார்கள். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் போன்ற எழுத்தாளர், தம் கதையுலகின் சிறு விவரங்களைத் தம்மைவிட நன்றாக நினைவில் வைத்திருக்கும் வாசகர்கள் இருவரிடமே சந்தேகம் கேட்பதுண்டு.

அந்த வேலையை இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கொடுக்கலாமா? கடந்த விடுமுறையில் அதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நாவல் என்னுடையதன்று, என் தாத்தாவுடையது.

பதினான்கு நோட்டுப் புத்தகங்கள்

தாத்தாவுக்கு வயது 78. கப்பல் பட்டறை ஒன்றில் ஸ்டோர் கிளார்க்காக வேலை செய்து ஓய்வு பெற்றவர். பதினாறு ஆண்டுகளாக ஒரு நாவல் எழுதி வருகிறார். இதுவரை 14 நோட்டுப் புத்தகங்களில் 41 அத்தியாயங்கள் ஆகிவிட்டன. நான் தட்டச்சு செய்து முடித்தபோது ஏறக்குறைய 120,000 சொற்கள் இருந்தன.

கதை நடப்பது செம்பவாங்கில். 1938ல் கடற்படைத் தளத்தின் பெரிய கப்பல் துறை திறக்கப்பட்ட காலத்தில் தொடங்கி, 1971ல் பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூரைவிட்டு வெளியேறுவதுடன் முடிகிறது. நாயகன் ராமையா தளத்தில் கூலி வேலைக்குச் சேர்பவன். அவன் மனைவி செல்லம்மா. தாத்தா தம் பெற்றோரின் வாழ்க்கையைத்தான் பெயர் மாற்றி எழுதுகிறார் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அவருக்குக் கண்பார்வை மங்கி வருகிறது. பழைய நோட்டுகளைத் திரும்பப் படித்துச் சரிபார்க்க அவரால் முடியவில்லை. “முன்னாடி என்ன எழுதுனேன்னு தெரியாம எப்படிக் கண்ணு முடிக்கிறது?” என்று கேட்டார். பல்கலைக்கழகத்தில் கணினித் துறையில் இரண்டாம் ஆண்டு படிக்கும் நான், செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கொண்டு முரண்களைத் தேடித் தருவதாகச் சொன்னேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி முரண்களைப் பற்றியதாக இல்லை. “என் கதைய அது வச்சுக்குமா?” என்றார். நியாயமான கேள்வி. சில செயலிகள் நாம் கொடுக்கும் எழுத்தைத் தங்கள் அடுத்த பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொள்ளும். அவற்றில் பலவற்றில் அதற்கு அனுமதி மறுக்கும் தேர்வு அமைப்புகளுக்குள் இருக்கும். அச்சில் வராத படைப்பைப் பதிவேற்றுவதற்குமுன் விதிமுறைகளைப் படித்து அந்த அனுமதியை நிறுத்துவதுதான் முதல் வேலை. படைப்பு வேறொருவருடையதாக இருந்தால் அவருடைய சம்மதமும் வேண்டும். தாத்தாவை அருகில் உட்கார வைத்து, திரையில் இருந்ததை வாசித்துக் காட்டிய பிறகே அதைச் செய்தேன்.

மொத்தமாகக் கொடுத்தால் என்ன ஆகும்?

நாவல் முழுவதையும் ஒரே தடவையில் கொடுத்து, “முரண்களைக் கண்டுபிடி” என்று கேட்கலாம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அது ஏன் சரியாக வராது என்பதற்குச் செயலி இயங்கும் விதத்தைக் கொஞ்சம் அறிந்துகொள்ள வேண்டும்.

மொழி மாதிரி எனப்படும் இந்த மென்பொருள் எழுத்தைச் சிறு சிறு துண்டுகளாக உடைத்துப் படிக்கிறது. ஒரு நேரத்தில் எத்தனை துண்டுகளைக் கண்முன் வைத்திருக்க முடியும் என்பதற்கு எல்லை உண்டு. இந்த மாதிரிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தைக் கொண்டு உருவாக்கப்பட்டவை. அதனால் ஒரே செய்தியைத் தமிழில் எழுதும்போது பொதுவாகக் கூடுதல் துண்டுகள் தேவைப்படுகின்றன. ஆங்கில நாவல் ஒன்று முழுமையாக அடங்கும் இடத்தில், அதே அளவுள்ள தமிழ் நாவல் அடங்காமல் போகலாம்.

எல்லைக்குள் அடங்கினாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஸ்டான்ஃபர்ட் உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 2023ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, நீண்ட உரையின் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள தகவல்களை மாதிரிகள் நன்றாகக் கண்டெடுக்கின்றன, நடுவில் உள்ளவற்றைத் தவறவிடுகின்றன என்று காட்டியது. அதற்குப் பிறகு வந்த மாதிரிகள் மேம்பட்டிருக்கின்றன. ஆனாலும் நாவல் என்பது பெரும்பாலும் நடுப்பகுதிதானே! காயங்களும் கடன்களும் கழுதைகளும் அங்கேதான் தொலைகின்றன.

மூன்றாவது சிக்கல், நம் கேள்வியிலேயே இருக்கிறது. “தவறு எங்கே?” என்று கேட்டால், தவறு இருக்கிறது என்று நாமே சொல்லிவிடுகிறோம். செயலியும் எதையாவது ஒன்றைத் தவறு என்று காட்டிவிடும்.

ஸ்டோர் கணக்கு

இதைத் தாத்தாவிடம் விளக்கியபோது அவரே வழி சொன்னார். பட்டறையில் அவர் முப்பது ஆண்டுகளுக்குமேல் பேரேடு எழுதியவர். எந்தப் பொருள், எந்த நாள் வந்தது, யார் வாங்கிப் போனார், கையெழுத்து எங்கே என்று வரிசையாகக் கட்டம் போட்டு எழுதுவது அவருடைய தொழில். “ஒரு போல்ட் வெளிய போனாலும் கையெழுத்து வேணும். கதைக்கு மட்டும் வேணாமா?” என்றார்.

அப்படியே செய்தோம். ஒவ்வோர் அத்தியாயத்தையும் தனித்தனியாகக் கொடுத்து, கட்டங்களை நிரப்பச் சொன்னேன். ஆள், வயது, ஆண்டு, இடம், உடல் அடையாளம், கையில் உள்ள பொருள், பணம், நேரம் என்று எட்டுக் கட்டங்கள். ஒன்பதாவது கட்டம்தான் முக்கியமானது. அந்தத் தகவல் எந்த வாக்கியத்திலிருந்து வந்ததோ, அந்த வாக்கியத்தை எழுத்து மாறாமல் அங்கே எடுத்து வைக்க வேண்டும். அதுதான் கையெழுத்து. கையெழுத்து இல்லாத பதிவைப் பேரேட்டில் சேர்க்கக்கூடாது என்பது எங்கள் விதி.

அந்த விதி ஏன் தேவை என்பது இரண்டாம் நாளே தெரிந்தது. ஜப்பானியர் ஆட்சியின்போது, 1943ல், ராமையாவைச் சயாம் மரண ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகிறார்கள். 1945 கடைசியில் காலில் ஆறாத புண்ணுடன் திரும்புகிறான். எந்தக் கால் என்று கேட்டபோது, செயலி தயக்கமே இல்லாமல் வலது கால் என்று பதில் சொல்லி, பதினெட்டாம் அத்தியாயத்திலிருந்து ஒரு வாக்கியத்தையும் எடுத்துக் காட்டியது. அத்தியாயத்தில் தேடினேன். அப்படி ஒரு வாக்கியமே இல்லை! அதுவாகவே உருவாக்கிக்கொண்டது. கேட்டவருக்கு நம்பிக்கை வரும் அளவுக்கு அது தாத்தாவின் நடையிலேயே இருந்ததுதான் வியப்பு.

தேடிப் பார்த்ததில் உண்மையான முரண் ஒன்று கிடைத்தது. பதினேழாம் அத்தியாயத்தில் இடது காலில் இருந்த புண், இருபத்தொன்பதாம் அத்தியாயத்தில் வலது காலுக்கு மாறியிருந்தது. வாட்சனின் தோளும் காலும் நினைவுக்கு வந்து நான் சிரித்துவிட்டேன். தாத்தா கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்தார். “இடது கால்தான். சைக்கிள்ல ஏறும்போது அந்தக் காலத்தான் அப்பா ஊன மாட்டாரு” என்றார். அந்த விவரம் பேரேட்டிலும் இல்லை, நாவலிலும் இல்லை. அடுத்த வாரமே அது நாவலுக்குள் வந்துவிட்டது.

வயதுக் கணக்குக்கு நான் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தவில்லை. பிறந்த ஆண்டை ஒரு கட்டத்திலும் அத்தியாயம் நடக்கும் ஆண்டை இன்னொரு கட்டத்திலும் போட்டால், எந்த விரிதாளும் கழித்துச் சொல்லிவிடும். 1938ல் பதினேழு வயதில் கப்பலிலிருந்து இறங்கிய செல்லம்மா 1945ல் ‘முப்பதை நெருங்கியவள்’ ஆக முடியாது என்பதை அந்தக் கழித்தலே காட்டியது. கணக்குக்குக் கணக்கு இயந்திரம், படிப்பதற்கு மொழி இயந்திரம் என்று பிரித்துக்கொண்டால் பாதித் தொல்லை குறையும்.

‘வெள்ளி’ என்றால் எந்த வெள்ளி?

அத்தியாயப் பேரேடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்ட முதல் சுற்றில் செயலி 63 முரண்களைக் காட்டியது. ஒவ்வொன்றையும் தாத்தாவுடன் உட்கார்ந்து பார்த்தோம். அவற்றில் 28, நாவலின் தவறுகளே அல்ல. செயலி தமிழை, குறிப்பாக நம் ஊர்த் தமிழை, தவறாகப் புரிந்துகொண்டதால் வந்தவை.

‘ராமையாவிடம் மூன்று வெள்ளி இருந்தது’ என்ற வரியைப் பார்த்ததும், அது நாள் கட்டத்தில் வெள்ளிக்கிழமை என்று எழுதிவைத்தது. நமக்கு வெள்ளி என்றால் டாலர், கிழமை, உலோகம், வானத்தில் தெரியும் கோள் எல்லாம்தான். எந்த இடத்தில் எது என்பதை நாம் யோசிக்காமலே அறிகிறோம். கன்பரா ரோட்டைப் பாத்திரங்கள் ‘கன்பரா’ என்றே சொல்வதால், ராமையா ஒரே மாலையில் ஆஸ்திரேலியா போய்த் திரும்பியது எப்படி என்றும் கேட்டது. கடற்படைத் தளப் பகுதியின் சாலைகளுக்குக் கன்பரா, ஒட்டாவா, டெல்லி என்று காமன்வெல்த் நகரங்களின் பெயர்களை வைத்தது அதற்கு எப்படித் தெரியும்?

உறவுமுறைகளில்தான் அது அதிகம் தடுமாறியது. நாவலில் ‘மாமா’ என்று அழைக்கப்படுபவர்கள் நால்வர்: செல்லம்மாவின் அண்ணன், மூத்த மகளின் மாமனார், பக்கத்து வீட்டு மலாய்க்காரர், டீக்கடைக்காரர். செயலி நால்வரையும் ஒருவராக்கி, அவர் ஒரே நேரத்தில் மூன்று இடங்களில் இருக்கிறார் என்று எச்சரித்தது. ராமையாவையோ ‘அப்பா’, ‘அண்ணே’, ‘மேஸ்திரி’, ‘மாப்பிள்ளை’ என்று நான்கு ஆட்களாகப் பிரித்தது. இதற்கும் தீர்வு உண்டு. யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்ற பட்டியலை நாமே எழுதி, ஒவ்வோர் அத்தியாயத்துடனும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நான் அந்தப் பட்டியலை எழுத இரண்டு நாள் ஆனது. அதற்குப் பிறகு தவறுகள் வெகுவாகக் குறைந்தன.

ஏழு மணிக்கும் இருட்டு

கதைக்குள் விவரங்கள் ஒத்துப்போவது வேறு, வரலாற்றோடு ஒத்துப்போவது வேறு. இந்த வேறுபாட்டைக் காட்டிய முரண் ஒன்றை என்னால் மறக்க முடியாது.

1940ல் நடக்கும் அத்தியாயத்தில் ராமையா காலை ஆறரை மணிக்கு வேலைக்குப் புறப்படுகிறான், வெளிச்சம் வந்திருக்கிறது. 1942ல் நடக்கும் அத்தியாயத்தில் ஏழு மணிக்குப் புறப்படுகிறான், கும்மிருட்டு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள ஊரில் சூரியன் உதிக்கும் நேரம் ஆண்டு முழுவதும் அவ்வளவாக மாறாது, ஆகவே ஓர் அத்தியாயத்தைத் திருத்த வேண்டும் என்று செயலி சொன்னது. தர்க்கப்படி பார்த்தால் சரிதான்.

ஆனால் தாத்தா ஒத்துக்கொள்ளவில்லை. “ஜப்பான்காரன் காலத்துல ஏழு மணிக்கும் இருட்டாத்தான் இருக்குமாம். அப்பா சொல்லியிருக்காரு” என்றார்.

அவர் சொன்னதே சரி. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியர், ஊர்க் கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்கு மாற்றினார்கள். அதனால் நேரம் ஒன்றரை மணி முன்னுக்குத் தள்ளப்பட்டது. இன்றைய சிங்கப்பூர் நேரத்தைவிடத் தோக்கியோ நேரம் ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிறது. இன்று ஏறத்தாழ ஏழு மணிக்கு உதிக்கும் சூரியன், அன்றைய கடிகாரப்படி எட்டு மணி அளவில்தான் உதித்திருக்கும். போர் முடிந்து 1945ல் பழைய நேரம் திரும்பியது. இப்போது நாம் பின்பற்றும் நேரம் 1982ல்தான் வந்தது.

அந்த இருட்டைத் ‘திருத்தி’ வெளிச்சமாக்கியிருந்தால், நாவல் ஓர் உண்மையை இழந்திருக்கும். இதுபோன்ற இடங்களில் செயலியின் பதிலோடு நிற்காமல், தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்க நாளிதழ்த் தொகுப்பு, தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் போன்றவற்றுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவை வீட்டிலிருந்தே பார்க்கவும் கேட்கவும் கூடியவை.

மிதிவண்டியும் கழுதையும்

எல்லா முரண்களும் அழிக்க வேண்டியவை அல்ல. சில முரண்கள் புதுப் பக்கங்களைக் கொடுக்கும்.

1942ல் ராமையா தன் மிதிவண்டியை அரிசிக்காக ஒருவரிடம் விற்றுவிடுகிறான். 1946ல் அதே மிதிவண்டியில் மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறான். பொருள் கட்டம் இதைத் துல்லியமாகப் பிடித்தது. ஒரு வரியை நீக்கினால் வேலை முடிந்துவிடும் என்று நான் நினைத்தேன். தாத்தாவிடம் செர்வாண்டிஸின் கழுதைக் கதையைச் சொன்னேன். பத்தாண்டுக்குப் பிறகு, 1615ல், அவர் இரண்டாம் பாகம் எழுதியபோது அந்தத் தவற்றை மூடி மறைக்கவில்லை. முதல் பாகத்தைப் படித்த ஒரு பாத்திரம் கழுதையைப் பற்றிச் சாஞ்சோவிடமே கேட்பதுபோலவும், எழுதியவர் தவறியிருக்கலாம் அல்லது அச்சிட்டவர் தவறியிருக்கலாம் என்று அவன் சொல்வதுபோலவும் எழுதிவிட்டார்.

தாத்தாவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. இரண்டு நாள் கழித்து ஏழு பக்கம் எழுதிக் கொடுத்தார். மிதிவண்டியை வாங்கியவர் போரில் இறந்துபோகிறார். அவர் மகன் அதைத் தள்ளிக்கொண்டு வந்து ராமையா வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, பேசாமல் போகிறான். நாவலில் எனக்கு மிகப் பிடித்த பகுதிகளில் அதுவும் ஒன்று. பேரேடு இல்லாவிட்டால் அது எழுதப்பட்டிருக்காது.

ஒரே ஒரு ‘நீ’

தமிழ் நாவலில் சரிபார்க்க வேண்டிய ஒன்று, ஆங்கிலப் பட்டியல்களில் இருக்காது. யார் யாரை ‘நீ’ என்கிறார்கள், யாரை ‘நீங்கள்’ என்கிறார்கள் என்பதுதான் அது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் அந்தச் சொல் மாற்றத்தில் வயது, உரிமை, கோபம், தூரம் எல்லாம் தெரிந்துவிடும். எனவே பத்தாவது கட்டமாக அதையும் சேர்த்தேன்.

செல்லம்மா கணவனை எப்போதும் ‘நீங்க’ என்றுதான் அழைப்பாள். பதினாறு ஆண்டுகளில் எழுதியதில் எட்டு இடங்களில் அது ‘நீ’ ஆகியிருந்தது. செயலி எட்டையும் கண்டுபிடித்தது. இந்த வேலையில் அது உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டது. நான் ஒவ்வொன்றாக வாசிக்க, தாத்தா ஏழு இடங்களில் “மாத்து” என்றார்.

எட்டாவது, 1945ல் ராமையா சயாமிலிருந்து திரும்பும் இடம். குழாயடியில் வாளியுடன் நிற்கும் செல்லம்மா, எலும்பும் தோலுமாக வந்து நிற்கும் ஆளைப் பார்த்து ஒரே ஒரு சொல் கேட்கிறாள். “நீயா?”

பாத்திரத்தின் வழக்கமான பேச்சுக்கு இது பொருந்தவில்லை, ‘நீங்களா’ என்று மாற்றலாம் என்று செயலி பரிந்துரைத்தது. நான் அதை வாசித்ததும் தாத்தா உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, “அது எங்கம்மா சொன்ன சொல்லு. வாழ்நாள்ல அந்த ஒரு தடவதான் அப்பாவ ‘நீ’ன்னாங்களாம். எப்படி அப்படிச் சொன்னேன்னு கடைசிவரைக்கும் வெட்கப்பட்டுக்கிட்டே இருந்தாங்க” என்றார்.

அந்தச் சொல்லை அவர் மாற்றவில்லை. ஆனால் மற்ற ஏழு இடங்களையும் விடாமல் திருத்தச் சொன்னார். காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஏழு ‘நீ’க்களும் அங்கங்கே சிதறிக் கிடந்தால், குழாயடியில் விழும் அந்த ஒரு ‘நீ’ யார் காதிலும் விழாது. மற்ற இடமெல்லாம் ஒழுங்காக இருந்தால்தான் உடைகிற இடம் கேட்கும்.

நாவலின் விவரங்கள் ஏன் ஒத்துப்போக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. எட்டு இடங்களும் மாறியிருக்கின்றன என்று இயந்திரம் சொல்லலாம். எட்டில் எது தவறு, எது வாழ்க்கை என்பதை எழுதியவர்தான் சொல்ல முடியும்.

முடிவாகப் பார்த்தால், 63ல் 28 செயலியின் தவறுகள். 24 இடங்களைத் தாத்தா திருத்தினார். மீதி 11 இடங்களை, இருட்டையும் ‘நீயா’வையும் போல, வேண்டுமென்றே அப்படியே விட்டார்.

நீங்களும் செய்து பார்க்க

கதை எழுதும் மாணவர்கள் பலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள். எங்கள் அனுபவத்திலிருந்து சில குறிப்புகள்.

பத்துப் பக்கச் சிறுகதைக்கு இயந்திரம் தேவையில்லை, தாளும் பென்சிலும் போதும். நெடுங்கதையோ நாவலோ எழுதினால், முதல் அத்தியாயத்திலிருந்தே பேரேட்டைத் தொடங்கிவிடுங்கள்.

அத்தியாயம் அத்தியாயமாகக் கொடுங்கள். ஒவ்வொரு தகவலுக்கும் மூல வாக்கியத்தைக் கேளுங்கள். அந்த வாக்கியம் உங்கள் எழுத்தில் உண்மையிலேயே இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

“தவறு இருக்கிறதா?” என்பதைவிட, “இந்த மிதிவண்டி வரும் எல்லா இடங்களையும் வரிசையாகக் கொடு” என்று கேட்பது நல்லது. வரிசையைப் பார்த்தால் முரண் உங்களுக்கே தெரியும்.

திருத்தி எழுதித் தரும்படி கேட்காதீர்கள். ஒரே ஒரு முறை, சோதனைக்காக, ஒரு பத்தியைத் திருத்தச் சொல்லிப் பார்த்தேன். தாத்தாவின் “பசியாறிட்டீங்களா?” என்பது “காலை உணவு உண்டீர்களா?” என்று திரும்பி வந்தது. வயதும் ஆண்டும் சரியாக இருந்தன, பேசிய ஆளைத்தான் காணவில்லை.

போட்டிக்கோ பள்ளி ஒப்படைப்புக்கோ எழுதுவதாக இருந்தால், செயற்கை நுண்ணறிவு பற்றிய விதிகளை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சரிபார்க்க மட்டுமே பயன்படுத்தினாலும் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

தாத்தா இப்போது 42வது அத்தியாயத்தில் இருக்கிறார். இதுதான் கடைசி என்று சொல்கிறார், போன வருடமும் அப்படித்தான் சொன்னார். பெரிய எழுத்தில் அச்சிட்ட பேரேடு அவர் மேசைமேல் இருக்கிறது. எழுதுவதற்குமுன் பூதக்கண்ணாடியை வைத்து அதை ஒரு முறை பார்த்துக்கொள்கிறார். ராமையாவின் மிதிவண்டி 1971ல் எங்கே இருக்கிறது என்ற கட்டம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. கேட்டால், “எழுதிட்டுச் சொல்றேன்” என்கிறார்.